விளாங்குடி வீட்டு மூடாத சிடி

"பார்மட் போட்டா சரியாயிரும்." போன வாரம் நான் கடைப் பக்கம் வந்தப்ப உங்கள்ல ஒருத்தன் போன்ல யாருக்கோ இப்படிச் சொல்லிக்கிட்டிருந்தான். என்ன கோளாறுன்னு கேக்கல. பெட்டிக்குள்ள என்ன வச்சிருக்கீங்கன்னு கேக்கல. எடுத்த எடுப்புல அம்புட்டையும் அழிக்கிற பார்மட். ஒரு கையில டீ வேற. யாருன்னு பேர் சொல்ல மாட்டேன், அவனுக்கே தெரியும். வந்த கோவத்துக்கு அங்கேயே ரெண்டு வாங்கு வாங்கியிருப்பேன். கடையை உங்ககிட்ட விட்டுட்டு ஒதுங்கினவ எதுக்கு வாயைக் கொடுக்கணும்னு பேசாம வந்துட்டேன். வீட்டுக்கு வந்தும் மனசு ஆறல. அதான் உக்காந்து எழுதுறேன். படிச்சுட்டு எங்கிட்ட சண்டைக்கு வாங்க, பரவாயில்ல.

காளவாசல்ல நான் கடை போட்ட காலத்துல வீட்டுக் கம்ப்யூட்டர்னா ஹால்ல டிவிக்குப் பக்கத்துல துணி போர்த்தி வச்சிருக்கிற சாமான். அதை ரிப்பேர் பாக்க ஒரு பொம்பளை வர்றது மதுரைக்குப் புதுசு. நான் வண்டியை ஸ்டாண்ட் போட்டதும் என் தோளுக்குப் பின்னாடி எட்டிப் பாத்து, "மெக்கானிக் வரலையாம்மா?"ன்னு கேப்பாங்க. "வந்திருக்காரு, பைக்குள்ள இருக்காரு"ன்னு சொல்லிட்டு நான் பாட்டுக்கு உள்ள போவேன். ஆனா அதுல ஒரு வசதியும் இருந்துச்சு. ஆம்பளை மெக்கானிக்னா ஹாலோட நிறுத்திருவாங்க. என்னை அடுப்படி வரைக்கும் விட்டாங்க. வீட்ல என்ன நடக்குதுன்னு தெரிஞ்சா, கம்ப்யூட்டர்ல என்ன நடந்துச்சுன்னு பாதி விளங்கிரும். நான் தொழில் கத்துக்கிட்டதுல பாதி அடுப்படியிலதான்.

நீங்கல்லாம் சிடி டிரைவைக் கழட்டித் தூரப் போட்டுட்டீங்க. அப்ப பென் டிரைவ் வச்சிருந்தா பெரிய மனுஷன். பாட்டு, போட்டோ, காலேஜ் புராஜெக்ட், கல்யாண வீடியோ அம்புட்டும் சிடியிலதான். அதனால, "அக்கா, சிடி டிரைவைக் காணோம்"னு வாரம் தவறாம யாராவது வருவாங்க. டிரைவ் பெட்டியில இருக்கும். லைட் எரியும். தட்டு வெளிய வரும், உள்ள போகும். மை கம்ப்யூட்டரைத் திறந்தா மட்டும் அது இருக்காது. முக்காவாசிக்குக் காரணம் வர்ச்சுவல் டிரைவ். சிடியே போடாம, போட்ட மாதிரி கம்ப்யூட்டரை நம்ப வைக்கிற சாப்ட்வேர் அது. ஆசைப்பட்டுப் போடுவாங்க, அப்புறம் வேண்டாம்னு அரைகுறையா எடுப்பாங்க. அது போற போக்குல நிஜ டிரைவோட வழியையும் அடைச்சுட்டுப் போயிரும். அந்த வழியைத் திறந்துவிட ரொம்ப நேரம் ஆகாது. அதை எப்படிச் செய்யணும்னு உங்களுக்குத் தெரியும், நான் சொல்ல வேண்டியதில்ல. எப்பச் செய்யக் கூடாதுன்னுதான் சொல்ல வாரேன்.

ஒரு நாள் மத்தியானம், ரோட்டுல ஈ காக்கா இல்லாத வெயில். ஹேமான்னு ஒரு பிள்ளை கடைக்கு வந்துச்சு. எம்.சி.ஏ. கடைசி வருஷம். விளாங்குடியில வீடு. கவர்ல போட்ட ஒரு சிடியை, ரெண்டு கையாலயும் தட்டு ஏந்துற மாதிரி பிடிச்சிருந்துச்சு.

"அக்கா, இதுல ஏதாவது இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

கடை மெஷின்ல போட்டேன். சுத்துச்சு, நின்னுச்சு, காலின்னு காட்டுச்சு. "பிளாங்க் சிடிம்மா"ன்னு சொல்ல வாய் வந்துருச்சு. அந்தப் பிள்ளை முகத்தைப் பாத்து நிறுத்திக்கிட்டேன். ஸ்கிரீனைப் பாக்காம என் வாயையே பாத்துக்கிட்டு நிக்குது.

"இதுல என்ன இருக்கணும்?"

"எங்கப்பா பேசினது அக்கா."

எனக்குப் பக்குன்னு ஆயிருச்சு. "அப்பா...?"

"வீட்லதான் இருக்காங்க."

அப்பாடான்னு இருந்துச்சு. அப்படின்னா திரும்பப் பேசச் சொல்லிப் பதிஞ்சுக்கலாமேன்னு கேக்கப் போனேன். நல்ல வேளை, அதுக்குள்ள அதுவே சொல்லுச்சு. "தொண்டையில கட்டி அக்கா. ஆபரேஷன் பண்ணி குரல்வளையை எடுத்துட்டாங்க. இனிமே பேச்சு வராது."

உக்காரச் சொல்லி தண்ணி கொடுத்தேன். கதை மெதுவா வந்துச்சு. அப்பா பேரு ஜனார்த்தனன். விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக் கடையில சேல்ஸ்மேன். ஆபரேஷனுக்கு நாள் குறிச்சதும், இந்தப் பிள்ளை ஒரு மைக்கை வாங்கி கம்ப்யூட்டர்ல மாட்டி, அம்மா கோயிலுக்குப் போற நேரமாப் பாத்து தினமும் அப்பாவைக் கொஞ்சம் கொஞ்சம் பேச வச்சிருக்கு. அம்மாவுக்குச் சொல்லல. சொன்னா, 'குரலைப் பிடிச்சு வைக்கிறீங்களா, என்ன பேச்சு இது'ன்னு அழுதுருவாங்கன்னு அப்பாவும் மகளும் ஒரே கட்சி. பேசினதை அன்னன்னைக்கு சிடியில ஏத்தியிருக்கு. ஹார்டு டிஸ்க் சின்னது. காலேஜ் புராஜெக்ட்டுக்கு இடம் வேணும்னு, சிடியிலதான் இருக்கேன்னு நம்பி ஹார்டு டிஸ்க்ல இருந்ததை அழிச்சிருக்கு.

ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்து மாசக் கணக்காச்சு. அவரு அதைப் பத்தி வாயே அசைக்கல. இதுவும் எடுத்துப் போடல, பயம். அன்னைக்குக் காலையில, திடீர்னு சிலேட்ல எழுதிக் காட்டியிருக்காரு: 'இன்னைக்கு அந்த சிடியைப் போடு.' போடலாம்னு போனா டிரைவையே காணோம். "கரண்ட் சரியில்லப்பா, சாயங்காலம் போடுறேன்"னு பொய் சொல்லிட்டு ஓடி வந்திருக்கு. முதல்ல பிரவுசிங் சென்டர்ல போட்டுப் பாத்தா, 'இது காலி சிடி'ன்னு சொல்லிட்டாங்க. அடுத்து ஒரு சர்வீஸ் கடை. அங்க, 'டிரைவ் தெரியலையா, பெட்டியைக் கொண்டா, பார்மட் போட்டுரலாம்'னு சொல்லியிருக்காங்க.

"நானே அழிச்சுட்டேன் அக்கா. எங்கப்பா குரலை நானே அழிச்சுட்டேன்"னு சொல்லி அழுதுச்சு. சத்தமே இல்லாம அழுதுச்சு. அதான் எனக்குத் தாங்கல.

இதைக் கேளுங்க. கம்ப்யூட்டர் 'காலி'ன்னு சொன்னா, 'எனக்குத் தெரியல'ன்னுதான் அர்த்தம். நாம அதை வாங்கி அப்படியே கஸ்டமர்கிட்ட 'காலி'ன்னு சொல்லிர்றோம். கம்ப்யூட்டருக்கு என்ன, சொல்லிட்டு சும்மா இருக்கும். கேட்டுட்டுப் போற மனுஷன் ராத்திரி தூங்கணும்ல?

நான் சிடியை எடுத்து, வாசல் வெளிச்சத்துல அடிப்பக்கத்தைச் சாய்ச்சுப் பாத்தேன். எழுதாத சிடின்னா அடிப்பக்கம் முழுக்க ஒரே நிறமா இருக்கும். எழுதியிருந்தா, நடு ஓட்டையைச் சுத்தி ஒரு வளையம் கொஞ்சம் கருத்துத் தெரியும். இதுல வளையம் இருந்துச்சு. சன்னமா, ஆனா இருந்துச்சு.

"ஏம்மா, இங்க பாரு. இது வரைக்கும் உங்கப்பா பேசியிருக்காரு."

அது வாங்கிப் பாத்துச்சு, விரலால தொடப் போய் கையை இழுத்துக்கிச்சு. "அப்ப வந்துருமா அக்கா?"

"இருக்குன்னுதான் சொன்னேன். வரும்னு சொல்லல."

கொஞ்சம் கறாராத்தான் சொன்னேன். இந்த மாதிரி நேரத்துல 'கவலைப்படாதே, எடுத்துரலாம்'னு நாக்கு நீளும். நீட்டாதீங்க. வராமப் போச்சுன்னா, ஒரு தடவை இழந்ததை அந்த மனுஷங்க ரெண்டாவது தடவையும் இழக்கணும். கடை மெஷின்ல இருந்தது வெறும் படிக்கிற டிரைவ். எழுதின டிரைவ் அவங்க வீட்ல இருக்கு. எழுதின கையாலதான் வாசிக்க முடியுமோ என்னமோன்னு ஒரு சந்தேகம். கடையைப் பூட்டிட்டு, பிள்ளையைப் பின்னாடி உக்கார வச்சு, திண்டுக்கல் ரோட்டுல வண்டியை விட்டேன்.

சௌராஷ்டிராக் குடும்பம். வீட்டுக்குள்ள அவங்க பாஷை, வாசல்படி தாண்டினா நம்ம தமிழ். மதுரையில பொறந்த நமக்கெல்லாம் அந்தச் சத்தம் காதுக்குப் பழக்கம், அர்த்தம்தான் தெரியாது. ஜனார்த்தனன் அண்ணன் வாசலுக்கே வந்துட்டாரு. ஒல்லியான மனுஷன், கழுத்துல வெள்ளைத் துணி, கையில சின்ன சிலேட். ரெண்டு கையும் விரிச்சு 'வாங்க வாங்க'ன்னு காட்டுனாரு பாருங்க, ஜவுளிக் கடை வாசல்ல நிக்கிற அதே தோரணை. அப்புறம் சிலேட்ல எழுதினாரு: 'வாங்கம்மா. உக்காருங்க. மோர் குடிக்கிறீங்களா?' எழுத்து முத்து முத்தா இருந்துச்சு. அவரு சம்சாரம் கமலாபாய் அம்மா உள்ள இருந்து மோர் கொண்டாந்தாங்க. கம்ப்யூட்டர் ரிப்பேர்னு மட்டும்தான் அவங்களுக்குத் தெரியும்.

உக்காந்து பாத்தேன். டிரைவுக்கு நேரா, கோளாறுன்னு காட்டுற மஞ்சள் குறி. என்ன போட்ட, என்ன எடுத்தன்னு பிள்ளையைக் கேட்டேன். காலேஜ் பாட சிடி தேஞ்சு போகுதுன்னு அதை ஹார்டு டிஸ்க்ல ஏத்தி வர்ச்சுவல் டிரைவ் போட்டிருக்கு. பரீட்சை முடிஞ்சதும் இடம் காணலன்னு, துப்புரவு பண்றேன்னு ஒரு சாப்ட்வேரைப் போட்டு அம்புட்டையும் கூட்டிப் பெருக்கியிருக்கு. அதுல சிடி எழுதுற சாப்ட்வேரும் சேந்து போயிருச்சு. வேலையைச் சுத்தமாச் செய்யணும்னு நினைக்கிற பிள்ளைங்கதான் இந்த மாதிரி மாட்டிக்கும். சோம்பேறிகளுக்கு ஒண்ணும் ஆகாது.

சும்மா வந்த கேஸா இருந்தா, விண்டோஸ் செட்டிங்ல டிரைவோட வழியை அடைச்சுக்கிட்டிருக்கிற ரெண்டு வரியையும் அழிச்சுட்டு ரீஸ்டார்ட் பண்ணி, மிச்ச மோரைக் குடிச்சுட்டு வந்திருப்பேன். அன்னைக்கு அப்படிச் செய்யல. அந்த வரியில வர்ச்சுவல் டிரைவோட பேரும் இருந்துச்சு, எழுதுற சாப்ட்வேரோட பேரும் இருந்துச்சு. பின்னாடி எது தேவைப்படும்னு தெரியாம ரெண்டையும் வெட்டி எறியக் கூடாதுல்ல. வர்ச்சுவல் டிரைவை மட்டும் எடுத்துட்டு மத்ததை விட்டுட்டேன். ரீஸ்டார்ட் கொடுத்தேன். பழைய பெட்டி, எந்திரிச்சு வர நேரம் எடுக்கும். தண்ணி குடிக்கிற சாக்குல அடுப்படிக்குப் போனேன்.

கமலாபாய் அம்மா பூண்டு உரிச்சுக்கிட்டிருந்தாங்க. நான் ஒண்ணும் கேக்கல. அவங்களாத்தான் ஆரம்பிச்சாங்க.

"எங்க வீட்டுக்காரரு எழுத்து பாத்தியாம்மா, எம்புட்டு அழகு."

"ஆமாக்கா. அச்சடிச்ச மாதிரி இருக்கு."

"எனக்கு அதைக் கண்டாலே பிடிக்கல"ன்னாங்க. பூண்டை விடாம உரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. "எங்க பாஷையை நாங்க பேசத்தான் பேசுவோம். எழுத எங்க வீட்ல யாருக்கும் தெரியாது. தமிழ் எழுத்துல அதை எழுதிப் பாத்தாரு, என்னால வாசிக்க முடியல. வாயை அசைச்சுக் காட்டுவாரு, பாதி புரியும், பாதி புரியாது. புரியலைன்னா கோவம் வந்துரும், சிலேட்டை எடுத்துத் தமிழ்ல எழுதிருவாரு. கல்யாணம் ஆன நாள்லருந்து எங்கிட்ட தமிழ்ல பேசினதே இல்லம்மா அவரு. தமிழ் கடையில வர்றவங்ககிட்ட பேசுறது. இப்ப என்னைப் பாத்து, 'சாப்பாடு எடுத்து வைக்கிறீங்களா'ன்னு எழுதுறாரு. எழுத்துல எப்படியோ 'ங்க' சேந்துக்குது. நான் சேலை எடுக்க வந்த கஸ்டமர் மாதிரி இருக்கு."

நான் பக்கத்துல உக்காந்து ஒரு பூண்டை எடுத்து உரிச்சேன்.

"நேத்து அதை அவருகிட்டயே சொல்லிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. அவரு என்ன பண்ணுவாரு, பாவம். சிலேட்டைக் கவுத்து வச்சுட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துட்டாரு."

அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுச்சு, இத்தனை மாசம் கேக்காத மனுஷன் அன்னைக்குக் காலையில ஏன் அந்த சிடியைக் கேட்டாருன்னு. மகளுக்கு அது தெரியாது. சம்சாரத்துக்கு சிடியே தெரியாது. எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அந்தம்மா காதுல அவங்க பாஷை விழணும்னு கேட்டிருக்காரு. ஒரு வகையில தெரியாமலே இருந்திருக்கலாம்.

ஹாலுக்கு வந்தா டிரைவ் வந்திருந்துச்சு. மை கம்ப்யூட்டர்ல பழையபடி அதோட இடத்துல சமத்தா உக்காந்திருந்துச்சு. அண்ணன் பிரம்பு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்துல உக்காந்துட்டாரு. பிள்ளை சிடியைப் போட்டுச்சு. டிரைவ் சுத்துச்சு, முனகுச்சு, திரும்பச் சுத்துச்சு. ஸ்கிரீன்ல ஒரு கேள்வி வந்துச்சு: இந்த சிடி காலியா இருக்கு, எழுதுறதுக்குத் தயார் பண்ணவா?

ஹேமா கை மவுஸுக்குப் போயிருச்சு. தயார் பண்ணினா திறந்துரும்னு நினைச்சிருக்கு, பாவம். "கையை எடு"ன்னு ஒரு அதட்டு அதட்டினேன். பிள்ளை வெலவெலத்துப் போச்சு. அண்ணன் என்னைத் திரும்பிப் பாத்தாரு. நான் எதையும் அமுக்கல. அந்தக் கேள்விக்கு 'சரி'ன்னு சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்னு நிச்சயமா எனக்குத் தெரியாது. ஒண்ணும் ஆகாமலும் இருந்திருக்கலாம். தெரியாதுல்ல? தெரியாதப்ப கையைக் கட்டிக்கிட்டு உக்காருறதும் நம்ம வேலைதான். கஸ்டமர் பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டிருக்கும்போது அது மகா கஷ்டம். ஏதாவது ஒரு பட்டனை அமுக்கிக்கிட்டே இருந்தாத்தான் வேலை தெரிஞ்ச மாதிரி இருக்கும்.

வேண்டாம்னு கொடுத்துட்டு பிள்ளையைக் கேட்டேன். "கடைசியா இதை வெளிய எடுத்தப்ப கம்ப்யூட்டர் ஏதாவது கேட்டுச்சா? யோசிச்சுச் சொல்லு."

யோசிக்கவே இல்ல அது. உடனே சொல்லுச்சு. "மூடவான்னு கேட்டுச்சு அக்கா. மூடினா எல்லாக் கம்ப்யூட்டர்லயும் திறக்கும், ஆனா இனிமே எதுவும் சேக்க முடியாதுன்னு போட்டிருந்துச்சு."

"நீ என்ன கொடுத்த?"

பிள்ளை அப்பா முகத்தைப் பாத்துச்சு. "மறுநாள் காலையில ஆபரேஷன். இனிமே சேக்க முடியாதுன்னு அது கேக்குது. எனக்கு ஆமான்னு கொடுக்க மனசு வரல அக்கா. மூட வேண்டாம்னு கொடுத்துட்டேன்."

அண்ணன் கையை நீட்டி மகள் தலையில வச்சாரு. இத்தனை வருஷம் கழிச்சு இதை எழுதும்போதும் எனக்குக் கண்ணுல தண்ணி வருது. எந்த சர்வீஸ் புத்தகத்துலயும் இந்தக் கோளாறு இருக்காது. அப்பாவுக்கு இன்னும் பேச்சு மிச்சம் இருக்குன்னு ஒரு பிள்ளை நம்புச்சு, அதனால சிடி திறக்கல.

ஆனா காரணம் தெரிஞ்சுபோச்சுல்ல? வழியும் தெரிஞ்சுபோச்சு. மூடாத சிடின்னா, தறியில இருந்து அறுக்காத சேலை மாதிரி. அது ஓடுற தறியிலதான் பாக்க முடியும். எழுதின டிரைவ் இருக்கு. எழுதின சாப்ட்வேர் வேணும், அதே சாப்ட்வேர். "டிரைவ் வாங்கினப்ப கூட ஒரு சிடி கொடுத்திருப்பாங்களே?"ன்னு கேட்டேன். அண்ணன் எந்திரிச்சுப் போய், ஷோகேஸ் பொம்மைக்குப் பின்னாடி இருந்து அதை எடுத்துட்டு வந்தாரு. கம்ப்யூட்டர் வித்தவங்களே சாப்ட்வேரை ஏத்திக் கொடுத்துட்டதால, பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்காம பத்திரமா வச்சிருந்தாரு. ஜவுளிக் கடைக்காரரு, கவர் பிரிக்காத சரக்கோட அருமை தெரியும்.

அதைப் போட்டு, திரும்ப ரீஸ்டார்ட் பண்ணி, பிள்ளையோட சிடியை உள்ள தள்ளினேன். இந்தத் தடவை கேள்வி எதுவும் வரல. வரிசையா பைல் பேரு வந்துச்சு. அப்பா ஒண்ணு, அப்பா ரெண்டுன்னு பிள்ளை பேரு வச்சிருந்துச்சு. ஹேமா ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திக்கிச்சு. அண்ணன் நாற்காலியை இன்னும் பக்கத்துல இழுத்தாரு.

"போடுங்க அக்கா."

"மாட்டேன்."

முதல்ல ஹார்டு டிஸ்க்குக்குக் காப்பி எடுக்கணும். கேக்குறது அப்புறம். அந்த டிரைவ் முனகுற முனகலுக்கு, ஒரு தடவைதான் வாசிப்பேன்னு சொல்லிட்டுப் படுத்துட்டா என்ன பண்றது? யூபிஎஸ்ஸும் கிடையாது அந்த வீட்ல. விளாங்குடியில கரண்ட் எப்ப போகும்னு யாருக்குத் தெரியும். அப்பா ஒண்ணு மடமடன்னு வந்துச்சு. நடுவுல ஒரு பைல்ல வந்து காப்பி ஏறுறதைக் காட்டுற பச்சைக் கோடு நின்னுபோச்சு. டிரைவ் கரகரன்னுச்சு. அண்ணன் என் முகத்தைப் பாக்குறாரு, நான் கோட்டைப் பாக்குறேன். நகராது போலருக்கேன்னு நினைச்சப்ப ஒரு சின்ன நகர்வு. அப்புறம் கடைசி வரைக்கும் ஓடிருச்சு. வந்ததுக்கு இன்னொரு காப்பி வேற இடத்துல போட்டேன். அந்த சிடியை இனிமே சுத்தவிடக் கூடாதுன்னு, அதை அப்படியே முழுசா ஹார்டு டிஸ்க்ல ஏத்தி, எந்த வர்ச்சுவல் டிரைவால அம்புட்டு வம்பு வந்துச்சோ அதையே ஒழுங்காப் போட்டு அதுல மாட்டினேன். சாப்ட்வேர் மேல என்ன கோவம் நமக்கு. சிடியைக் கவர்ல போட்டுப் பிள்ளை கையில கொடுத்தேன். நான் அதை மூடல. மூடச் சொல்லி அதுவும் கேக்கல.

இனி கேட்டுப் பாக்கணும். பைல் வந்தா மட்டும் போதாது, உள்ள சத்தம் சரியா இருக்கணும். "எது முதல்ல?"ன்னு கேட்டேன். அண்ணன் ஸ்கிரீன்கிட்ட வந்து, கடைசிப் பைலைத் தொட்டுக் காட்டுனாரு. ஆபரேஷனுக்கு முந்தின நாள் பேசினது. பிள்ளை என் காதுகிட்ட வந்து, "அது சரியா வரலக்கா, அப்பா நடுவுல நடுவுல நிறுத்திட்டாங்க. தொண்டை வலின்னு நினைச்சேன்"னு சொல்லுச்சு. அண்ணன் விரலை எடுக்கல. அதையே போட்டேன்.

ஸ்பீக்கர்ல இருந்து ஒரு ஆம்பளைக் குரல். கரகரப்பா, ஆனா கூடத்துல இருந்து அடுப்படிக்குக் கேக்குற மாதிரி நல்ல சத்தமா. அவங்க பாஷையில யாரையோ கூப்பிட்டு என்னமோ கேட்ட மாதிரி இருந்துச்சு. ஒரே ஒரு வரி. அம்புட்டுதான், சத்தம் நின்னுபோச்சு. ஸ்கிரீன்ல கோடு நகருது, ஸ்பீக்கர்ல ஒண்ணும் இல்ல. காப்பி நின்ன இடம் இதுதான், ஓட்டை விழுந்த பைல்தான் வந்திருக்குன்னு நினைச்சு, நிறுத்திட்டுத் திரும்ப எடுக்கலாம்னு மவுஸுக்குப் போனேன். அண்ணன் சிலேட்டை நீட்டி மவுஸை மறைச்சாரு. தொடாதேன்னு தலையை ஆட்டுனாரு.

அப்ப அடுப்படியில இருந்து பதில் வந்துச்சு.

கமலாபாய் அம்மா, அவங்க பாஷையில, பூண்டு உரிக்கிற அதே குரல்ல என்னமோ சொன்னாங்க. சொல்லி முடிச்சதும் ஸ்பீக்கர்ல குரல் திரும்ப ஆரம்பிச்சுச்சு. அவங்க சொன்னதைக் கேட்டுட்டு அடுத்ததைக் கேக்குற மாதிரியே இருந்துச்சு. திரும்ப நின்னுச்சு. உள்ள இருந்து இன்னொரு பதில், கொஞ்சம் சலிச்சுக்கிட்டு.

ஹேமா என் கையை இறுக்கிப் பிடிச்சுக்கிச்சு. "எங்க இருக்கன்னு கேட்டாங்க. இங்கதான் இருக்கேன், எங்க போவேன்னு அம்மா சொல்றாங்க. மூக்குக் கண்ணாடியை எங்க வச்சன்னு கேட்டாங்க. அதுக்கு அம்மா, நான் என்ன உங்க கண்ணாடிக்குக் காவலா..."ன்னு சொல்லி முடிக்க முடியாம நிறுத்திக்கிச்சு.

ஓட்டைன்னு நான் நினைச்சது அம்புட்டும் அந்தம்மா பதில் சொல்றதுக்கு அவரு விட்டு வச்ச இடம். எம்புட்டு நேரம் விடணும்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. அதை நான் கோளாறுன்னு நிறுத்தப் போனேன்.

முந்தானையில கையைத் துடைச்சுக்கிட்டே கமலாபாய் அம்மா கதவுகிட்ட வந்தாங்க. வரும்போதே ஏதோ பேசிக்கிட்டு வந்தவங்க, அவரைப் பாத்ததும் அப்படியே நின்னுட்டாங்க. அவரு வாய் மூடியிருந்துச்சு. குரல் மட்டும் வந்துக்கிட்டிருந்துச்சு. அவங்க அவரைப் பாத்தாங்க, கழுத்துத் துணியைப் பாத்தாங்க, ஸ்பீக்கரைப் பாத்தாங்க. குரல் நின்னுச்சு. இந்தத் தடவை அந்தம்மா ஒண்ணும் சொல்லல. விட்ட இடம் சும்மாவே ஓடிச்சு. அதுக்கப்புறம் குரல் ஒரே ஒரு கேள்வி கேட்டுச்சு, சின்னதா, சிரிச்சுக்கிட்டு.

"என்ன பதிலைக் காணோம், பேச மாட்டியாங்கிறாங்க"ன்னு ஹேமா சொல்லுச்சு.

அண்ணன் சிலேட்டைக் கீழ வச்சுட்டாரு. சம்சாரத்தைப் பாத்து, சொல்லுன்னு நாடியை லேசா உயத்தினாரு. அந்தம்மா வந்து அவரு நாற்காலிக்குப் பக்கத்துல தரையில உக்காந்து, அவரு முழங்கால் மேல கையை வச்சு, அவரையே பாத்து அவங்க பாஷையில பதில் சொன்னாங்க. நிறைய நேரம் சொன்னாங்க. ஹேமா எனக்கு அர்த்தம் சொல்லல. நானும் கேக்கல. அது எங்கிட்ட சொன்னது இல்ல.